அரக்கு முத்திரையில் ஒரு பொட்டு

அக்டோபர் 18, புதன்

இந்த டைரி மேடம் கொடுத்தது. வக்கீல்களுக்கு வருஷா வருஷம் வருகிற கறுப்பு அட்டை டைரி. "வருஷமே முடியப்போகுது, எனக்கு எதுக்கு இது? நீங்க தினம் நாலு வரி எழுதுங்க துளசியம்மா. தபால் பதிவேட்டில உங்க எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எழுத எழுதத்தான் கை வரும்" என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மேடம் அரசாங்க வக்கீல். போலீசும் மாசு வாரியமும் போடுகிற வழக்குகளை அரசாங்கம் சார்பில் கோர்ட்டில் நடத்துகிறவர். ஆற்று மணலை அள்ளியது, ஆஸ்பத்திரிக் குப்பையை ஏரியில் கொட்டியது, சாயத்தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டது என்று எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். அவர் அறையைத் திறப்பது, பெருக்குவது, கேஸ் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது என் வேலை.

எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் செய்த வேலை இது. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வரும்போது உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பியிருக்கிறார். மடியில் டிபன் டப்பா சாயாமல் இருந்ததாம். கருணை அடிப்படையில் அந்த வேலை இந்தத் தை மாதம் எனக்குக் கிடைத்தது.

அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் குடத்தையும் ரொப்பிவிட்டு அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்தேன். மற்றத் துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், இது ஒன்றுதான் மிச்சம். வயிற்றுப் பக்கம் பெரிய ஊதாக் கறை இருப்பதால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. ஆபீசில் ஸ்டாம்பு மை கொட்டிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. வெளிக்கொடியில் போட்டால் யாராவது என்ன கறை என்று கேட்பார்கள். எப்போதும்போல அடுப்படிக்குள் கயிற்றில் காயப்போட்டேன்.

மேடம் நாளைக்கு ஆபீசில் பூஜை என்றார். எலுமிச்சம்பழமும் பொரியும் வாங்க வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

திங்களும் செவ்வாயும் ஆயுத பூஜை, விஜயதசமி லீவு என்பதால் இன்றைக்கே ஆபீஸ் பூஜை. மதியத்துக்குள் அறையைக் கழுவிவிட்டேன். மேஜை, நாற்காலி, பீரோ, சட்டப் புத்தகம் எல்லாம் துடைத்தாயிற்று. டைப்பிஸ்ட் ஹேமாவதி சந்தனம் குழைத்துத் தட்டில் குங்குமமும் கொட்டி வைத்தாள்.

அப்போதுதான் மாசு வாரியத்து இன்ஜினியர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். சங்கோடை வழக்கின் இரண்டாவது பாட்டில். கொறங்காட்டுப்புதூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை கழிவுத் தண்ணீரைச் சங்கோடையில் விட்ட வழக்கு. ஓடையில் தண்ணீர் எடுத்து இரண்டு பாட்டிலில் அடைத்து, கழுத்தில் நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்திருக்கிறார்கள். முதல் பாட்டிலைச் சோதித்த அறிக்கை தப்பு என்று பட்டறைக்காரர் தரப்பு சொல்வதால், இந்த இரண்டாவதை வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். இது போனால் வழக்கு போச்சு.

கோர்ட்டில் பொருள் வாங்கி வைக்கிறவர் சீக்கிரமே ஊருக்குப் போய்விட்டார். இன்ஜினியருக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம பீரோவில வச்சுப் பூட்டுங்க துளசியம்மா. புதன்கிழமை காலையில முதல் வேலையா ஒப்படைச்சிடலாம்" என்றார். வைத்தேன்.

பிறகு பூஜை. ஹேமாவதி தட்டை எடுக்கப் போனாள். மேடம், "துளசியம்மா வைக்கட்டும்" என்றார்.

ஹேமாவதிக்கு முகம் மாறிவிட்டது. "மேடம், அவங்க... வந்து..."

"என்ன வந்து? எங்கம்மாவும் புருஷன் இல்லாதவங்கதான். எங்க வீட்டில எந்த விசேஷம்னாலும் முதல் பொட்டு அவங்க கைதான். இந்த அறையை வருஷம் பூராத் துடைக்கிறது யாரு? அவங்க வைக்காம நீயும் நானுமா வைக்கிறது?"

என் வீட்டுக்காரர் போன பத்தாம் நாளுக்குப் பிறகு நான் குங்குமத்தைத் தொட்டதில்லை. மோதிர விரலால் முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மேஜைக்கு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு, ஸ்டாம்புக்கு, பஞ்ச் மிஷினுக்கு, ஸ்டேப்ளருக்கு, டம்ளருக்கு, சுவிட்சுப் பெட்டிக்கு. பீரோ கதவுக்கு வைத்துவிட்டு அதைத் திறந்து உள்ளே இருந்த கட்டுகளுக்கும் வைத்தேன். ஹேமாவதியே சிரித்துவிட்டாள். "அக்கா, விட்டா எனக்கும் வச்சிருவீங்க போல" என்றாள்.

நல்ல நாள். வீட்டுக்கு வந்தும் விரல் சிவப்பாகவே இருக்கிறது. கழுவவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சும்மா இருக்கிற பாத்திரத்தை எல்லாம் இறக்கி மறுபடி தேய்த்தேன். சந்தோஷமா வேறு எதுவுமா தெரியவில்லை.

அக்டோபர் 25, புதன்

தப்பு நடந்துவிட்டது. நான் செய்ததுதான்.

காலையில் மேடம் பாட்டிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நான் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாட்டிலை மேஜைமேல் வைத்ததும் பட்டறைக்காரரின் வக்கீல் ஞானசுந்தரம் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். வயசானவர். சத்தமே போட மாட்டார்.

"ஐயா, இந்த முத்திரை மேல ஏதோ அப்பியிருக்கு. முத்திரையை உடைச்சுத் திறந்துட்டு, மறுபடி மூடி மறைச்ச மாதிரி இருக்கு."

நடுவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்பு அரக்கின்மேல் சந்தனம் காய்ந்து, அதன்மேல் வட்டமாகக் குங்குமம். என் விரல் அளவு.

வைத்தது ஞாபகமே இல்லை. ஆனால் என் விரல் எனக்குத் தெரியும்.

முத்திரை கலைக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பாட்டிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி நடுவர் நவம்பர் இருபத்திரண்டுக்குத் தள்ளி வைத்தார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும், "மேடம், நான்தானுங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேப்ளருக்கு வச்சீங்களே, அப்பவே நான் பார்த்திருக்கணும். வைக்கச் சொன்னது நான். இங்க வைக்கக் கூடாத பாட்டிலை இங்க வச்சதும் நான். இதுக்கு யாருக்கு மெமோ குடுக்கறது?"

அக்டோபர் 26, வியாழன்

வராந்தா பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். சங்கோடை வழக்கில் புகார் கொடுத்த விவசாயி. வாய்தா இல்லாத நாளிலும் வருவார். வரும்போதெல்லாம் ஒரு பையில் இளநீர் கொண்டுவருவார். யாரும் குடிப்பதில்லை, உப்புக் கரிக்கும்.

"ஏனுங்கம்மிணி, பாட்டலுக்குப் பொட்டு வச்சுட்டாங்களாமா?"

"நான்தானுங்க வச்சேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செரி வுடுங்க. எங்கூரு ஓடைக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பொட்டு வைக்கல. நீங்கதான் வச்சிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "போன தடவைக்கு இது தேவலைங்க. ஆறு வருசம் முன்னால இதே ஓடைக்கு ஒரு கேசு நடந்துச்சே, அப்பப் பாட்டலே ஒடஞ்சு போச்சு. ஆபீசுல யாரோ கை தவறிப் போட்டுட்டாங்களாம். கேசு தள்ளுபடி. அதுக்கப்புறந்தான் எங்க கெணறு போச்சுங்க. எம்பட சம்சாரம் கையிரண்டும் வெடிச்சுக் கெடக்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா நாங்க ஊரக் காலி பண்ணிப் போட்டுப் போக வேண்டியதுதான்."

அவர் வேட்டிக் கரையில் ஊதாக் கறை. ஓடையைத் தாண்டி வந்தாராம்.

ஊதா எங்கேயும் ஒரே ஊதாதான். ஸ்டாம்பு மையும் ஊதாதான்.

முருங்கைக்காய் மலிவாக இருந்தது. வாங்கி வந்தேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

சட்டையை மறுபடி ஊற வைத்துத் துவைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அழுக்கே ஆகவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

அவருக்குத் திதி. ஐயர் வரவில்லை, காக்காய்க்கு மட்டும் சோறு வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பும் ரசமும். காக்காய் வெகு நேரம் வரவில்லை. சுவர்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. "என்னங்க, கோவமா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ருக்மணி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 7, செவ்வாய்

மேடத்துக்கு மேலிடத்திலிருந்து போன். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது. வாரியத்து ஆபீசிலேயே பூஜை போட்டுப் பொட்டு வைத்துத்தான் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிட்டால் நம் பக்கம் எந்தத் தப்பும் வராது என்கிறார்கள் போலிருக்கிறது.

மேடம், "பொய் சொல்லி வழக்கை ஜெயிக்கணும்னா நான் எதிர்க்கட்சி வக்கீலாவே இருந்திருப்பேனே சார், வருமானமாவது வரும்" என்றார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். செருப்பை மேஜைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்தார். ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"துளசியம்மா, நீங்க கூண்டில ஏறிச் சொல்லணும். நடந்ததை நடந்தபடி. உங்க வேலைக்கு ஏதாவது வரலாம். எனக்கும் வரலாம். உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு மனசில்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு என்னங்க மேடம் இருக்குது, சொல்றேனுங்க" என்று அப்போதே சொன்னேன்.

நவம்பர் 10, வெள்ளி

அப்போதே சொல்லியிருக்கக் கூடாது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து விளக்குக்கூடப் போடவில்லை, வாசலில் கோதண்டம். வக்கீல் ஞானசுந்தரத்தின் குமாஸ்தா. கையில் காகிதம் சுற்றிய துணிக்கட்டு.

என் வீட்டுக்காரர் இருந்தவரை தீபாவளிக்கு முன்னால் இப்படி ஒரு கட்டு வரும். "சிநேகிதர் கொடுத்தது" என்பார். நானும் மகளும் பிரித்துப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்வோம். கோதண்டம்தான் அந்தச் சிநேகிதர் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் போன பிறகு கட்டு வரவே இல்லை.

"அக்கா, ரெண்டு வருசமா வர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க. அண்ணன் இருந்தா விடுவாரா என்னை?" என்று சிரித்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம்க்கா. இருபத்திரண்டாந்தேதி கூண்டில ஏறி, பூஜையன்னைக்கு நெரிசலு, யாரு வந்தாங்க போனாங்கன்னு ஞாபகமில்லைன்னு சொன்னாப் போதும். பொய்யில்லையே? உங்களுக்குத்தான் வச்ச ஞாபகமே இல்லையாமே."

இது ஹேமாவதியிடம் மட்டும் சொன்னது.

"நான் வச்சதைத்தானுங்க நான் சொல்லப்போறேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. அப்புறம் எங்க சீனியர் வக்கீல் எழுந்திரிச்சு, அந்த ரூம்பு சாவி முன்னாடி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாரு. பழைய கேஸு பாட்டில் எப்படி ஒடஞ்சுதுன்னு கேப்பாரு. அண்ணன் மாதிரி ஒரு கைராசிக்காரர் கெடையாதுக்கா. அவரு இருந்தா இந்நேரம் இந்தப் பாட்டிலும் ஒடஞ்சிருக்கும், உங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்ல. செத்தவர் பேரை ஊர் முன்னாடி எதுக்கு இழுக்கணும்? உங்க வேலையே அவரு பேர்ல வந்ததுதான? புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கணும்ல?"

கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு பட்டுச் சேலை. ஊதா நிறம். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. கோதண்டம் ஏதோ உளறுகிறார். அவருக்கு ஆள் மாறியிருக்கும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மகள் கிருத்திகா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைக்கவில்லை, போனில் பேசினாள்.

"ஏம்மா உன் சத்தமே சரியில்ல?"

"வெடிச் சத்தம் கண்ணு."

"அப்பா இருந்தா இன்னைக்கு மொதல்ல உனக்குத்தான் எண்ணெய் வைப்பாரு."

"ஆமா."

"அந்த மாதிரி ஒரு ஆளு எங்கம்மா இருக்காங்க? எனக்குப் பாக்கறதா இருந்தா அப்பா மாதிரிதான் பாக்கணும், சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

நவம்பர் 15, புதன்

தூக்கம் இல்லை.

நவம்பர் 17, வெள்ளி

மேடத்துக்கு டீ வாங்கப் போய் டீ இல்லாமல் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடியும் வெறும் பிளாஸ்கோடு வந்தேன். மேடமே போய் இரண்டு பேருக்கும் வாங்கி வந்தார்.

"கூண்டில ஏற வேண்டாம்னு தோணுதா?"

"மேடம், நான் ஏறலைன்னா?"

"பாட்டில் போயிடும். வழக்கும் போயிடும். பட்டறைக்காரன் குழாயை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுவான்." டீயைக் குடித்தார். "ஆனா அதுக்காக நீங்க ஏறணும்னு இல்ல. தப்பு என்னோடது. நான் வேற வழி பார்ப்பேன்."

"வேற வழி இருக்குதுங்களா?"

"இல்ல" என்றார்.

பாட்டில் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தண்ணீரின் நிறம் கண்ணிலேயே நிற்கிறது. வெயிலில் பிடித்தால் நாவல்பழம் பிழிந்ததுபோல.

நவம்பர் 19, ஞாயிறு

சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வயிற்றில் கொட்டி, ஓரத்தில் ரெண்டு சொட்டு. கறை பட்ட அன்றைக்கு அவர் வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். டம்ளர் குத்திவிட்டது என்றார். நான்தான் மூன்று நாள் சோறு ஊட்டிவிட்டேன். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மகளின் காலேஜ் பீஸ் கட்டின வருஷம் அது.

அவர் நல்லவர். எங்கள் இரண்டு பேரையும் ஒரு குறை இல்லாமல் வைத்திருந்தார்.

நவம்பர் 21, செவ்வாய்

அரிசியில் கல் பொறுக்கினேன். கடையில் வாங்கின அரிசி, ஒரு கல்கூட இல்லை. தட்டு முடியும்வரை பொறுக்கினேன்.

நவம்பர் 22, புதன்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

காலையில் துணிக்கட்டைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். கோதண்டத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை. கோர்ட்டில் அவர் பக்கம் போகும் முன் டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார். நான் டவாலிக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பையோடு கூண்டில் ஏறிவிட்டேன்.

"பேர்?"

"துளசிமணிங்க."

"கணவர் பேர்?"

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாக்குமூலம் எழுதுகிறவர், "பேர் சொல்ல மாட்டாங்க சார். காயிதத்துல எழுதித் தரட்டும்" என்றார். நடுவர் என்னைப் பார்த்து, "எப்படி வேணாலும் சரிம்மா" என்றார்.

"அர்த்தநாரி" என்றேன். யாரோ வெளியாளைக் கூப்பிட்டதுபோல இருந்தது எனக்கு.

மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டில் வந்தது, பீரோவில் வைத்தது, பூஜை, பொட்டு. எல்லாம் சொன்னேன். பிறகு ஞானசுந்தரம் ஐயா எழுந்தார். அவர் குரல் பேத்தியோடு பேசுவதுபோல இருந்தது.

"அம்மா, மேஜைக்குப் பொட்டு வச்சீங்க, சரி. பீரோவுக்கு வச்சீங்க, அதுவும் சரி. உள்ள இருந்த பாட்டிலுக்கு எதுக்கம்மா? அது என்ன ஆயுதமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தெரியலீங்க."

"தெரியாம ஒருத்தர் அரக்கு முத்திரை மேல போய் வைப்பாங்களா? மறைக்கறதுக்குத்தானே வச்சீங்க?"

"இல்லீங்க. என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் குங்குமத்தத் தொட்டதில்லீங்க. அன்னைக்கு மேடம் என்னை வைக்கச் சொன்னாங்க. கை நெறைய இருந்துச்சு. நிறுத்த மனசு வரலீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நடுவர் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடிகாரத்தின் தலையில் ஒரு பொட்டு, சரசுவதி பூஜையன்று வைத்தது, இன்னும் இருந்தது.

ஞானசுந்தரம் ஐயா ஒரு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரிம்மா. அந்த அறைச் சாவி உங்களுக்கு முன்னாடி யாருகிட்ட இருந்தது?"

"என் வீட்டுக்காரர்கிட்டங்க."

"அந்த அறையில வச்ச வழக்குப் பொருள் இதுக்கு முன்னாடி சேதமானது உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை."

அவருக்குப் பின்னால் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லச் சொல்லி மெதுவாகத் தலையை ஆட்டினார். இல்லை என்றால், பழைய பாட்டில் உடைந்ததைச் சொல்லும் அந்தக் காகிதத்தைக் காட்டி என்னைப் பொய்க்காரி ஆக்கியிருப்பார்கள் என்று மேடம் பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது. நான் கதவோரம் நாச்சிமுத்துவைத்தான் பார்த்தேன். மடியில் இளநீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

"உண்டுங்க" என்றேன். "இதே ஓடைப் பாட்டல் ஒண்ணு. என் வீட்டுக்காரர் கையில ஒடஞ்சுது."

"ஆக அந்த அறையில எதுவும் பத்திரமில்லை. அப்படித்தானே?"

"அந்தப் பாட்டல் கை தவறி ஒடையலீங்க. ஒடைச்சாருங்க."

மேடம் எழுந்துவிட்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. குங்குமம் வைத்தபோதும் அப்படித்தான்.

"தீவாளிக்குத் தீவாளி எங்க வீட்டுக்கு ஒரு துணிக்கட்டு வரும். எங்கிருந்து வருதுன்னு நான் கேட்டதில்ல. இந்த வருசமும் வந்துச்சுங்க. உங்க குமாஸ்தா கொண்டாந்து குடுத்து, ஞாபகமில்லைன்னு சொல்லச் சொன்னாருங்க. இதா இருக்குது."

பையிலிருந்து எடுத்துக் கூண்டு விளிம்பில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரே கூச்சல். ஞானசுந்தரம் ஐயா சத்தம் போட்டு இன்றைக்குத்தான் கேட்டேன். கோதண்டம் வெளியே நடந்தார். நடுவர் போலீஸ்காரரைப் பார்த்து, "அவரை உட்காரச் சொல்லுங்க" என்றார்.

பிறகு நடுவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையில் எங்கும் விரிசல் இல்லை, நூலும் அறுபடவில்லை, மேலே பூசியிருப்பது பூஜைச் சந்தனம் என்று சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு.

கூண்டிலிருந்து இறங்க மறந்து நின்றேன். எழுதுகிறவர்தான், "போங்கம்மா, முடிஞ்சுது" என்றார்.

அறைக்கு வந்து மேடம் கதவைச் சாத்தினார். பிறகு, "துணிக்கட்டைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"உங்ககிட்டச் சொல்லியிருந்தா அவரப் பத்தி நீங்க தப்பா நினைச்சிருப்பீங்க."

"இப்ப?"

"நல்லவர்தானுங்க மேடம்" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

நவம்பர் 23, வியாழன்

எனக்கு மெமோ வந்தது. மேடத்துக்கும் வந்தது. இரண்டையும் தபால் பதிவேட்டில் நானே பதிந்தேன். பழைய வழக்கையும் தோண்டப்போகிறார்களாம். என் வேலை, என் வீட்டுக்காரர் பென்ஷன் எல்லாம் என்ன ஆகும் என்று மேடத்துக்கும் தெரியவில்லை. "பதில் எழுதுவோம். நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்க, கை வந்துடுச்சே" என்றார்.

கிருத்திகாவுக்கு யார் சொன்னார்களோ. போன் செய்தாள். "செத்துப்போன மனுசனம்மா. திரும்பிப் பேச முடியாதவரைப் போய்..." என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 25, சனி

மகள் இன்றும் போன் எடுக்கவில்லை. நாச்சிமுத்து ஆபீசில் இளநீர் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெட்டிக் குடித்தேன். கரித்தது. முழுவதும் குடித்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். குழாயில் தண்ணீர் விட்டார்கள். குடமெல்லாம் ரொப்பினேன், வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். அவர் போட்டோவைத் துடைத்து, மோதிர விரலால் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். இத்தனை நாள் மகள் வரும்போது அவள்தான் வைப்பாள்.

"உங்க பேரைச் சொல்லிட்டேனுங்க" என்றேன்.

பிறகு சட்டையைத் துவைத்தேன். கறை போகவில்லை. உதறி வாசல் கொடியில் காயப்போட்டேன். நல்ல வெயில்.

ருக்மணி கோலமாவுக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, வெள்ளைச் சட்டையில என்ன இத்தா பெரிய கறை? மையிங்களா?"

"சாயத்தண்ணி" என்றேன்.